நாய்க்கு இடம் எங்கே?

விருதுநகர் ஜில்லாவில் நாய் வளர்க்கும் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு கட்சிகள் உண்டு. நாயை வீட்டுக்குள் விடலாம் என்பது ஒரு கட்சி. வாசற்படியைத் தாண்டவே கூடாது என்பது மற்றொன்று. முதற் கட்சியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருப்பார்கள். இரண்டாவது கட்சிக்கு, பூஜை அறைக்கும் சமையலறைக்கும் பொறுப்பாளியான அப்பத்தா தலைமை வகிப்பார். வீட்டு எஜமானர் இரண்டு பக்கமும் தலையை ஆட்டிவிட்டுக் கடைக்குப் புறப்பட்டுப் போய்விடுவார். சம்பந்தப்பட்ட பிராணியோ தலையை வாசற்படிக்கு உள்ளேயும் உடம்பை வெளியேயும் வைத்துப் படுத்துக்கொண்டு, இரு கட்சிக்கும் பொதுவாக நடந்துகொள்ளும்.

இந்த வழக்கு மற்ற ஊர்களிலும் உண்டுதான். ஆனால் இந்தச் சீமைக்கு அதில் ஒரு தனிப் பாத்தியதை இருக்கிறது. ராஜபாளையம் என்றதும் பஞ்சாலைகளும், 1949-இல் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியான ஸ்ரீ குமாரசாமி ராஜாவும் ஞாபகத்துக்கு வருவதுபோலவே, பால்போன்ற வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் நீண்ட கால்களுமாக நிற்கும் அந்த ஊர் நாயும் ஞாபகத்துக்கு வரும். 2005-இல் இந்தியத் தபால் இலாகா நம் நாட்டு நாய்களுக்கென்று நான்கு தபால் தலைகள் வெளியிட்டபோது, இமாலயத்து ஆட்டு நாய், ராம்பூர் நாய், முதோல் நாய் ஆகியவற்றோடு ராஜபாளையத்துக்கும் ஒரு தலை கிடைத்தது. சிப்பிப்பாறை என்னும் கரிசற்காட்டுக் கிராமத்தின் பெயரைத் தாங்கிய மற்றொரு ஜாதி நாய், ஒட்டிய வயிறும் வில்போல் வளைந்த முதுகுமாக, முயலைத் துரத்துவதற்கென்றே செய்து வைத்தாற்போல் இருக்கும். முயல் வேட்டை இப்போது சட்டப்படி குற்றம். ஆனால் அந்த நாயின் கால்களுக்கு இதை யாரும் இன்னும் அறிவிக்கவில்லை!

இந்த நாய்கள் மெத்தையில் வளர்ந்தவை அல்ல. அதே சமயம் சங்கிலியில் வளர்ந்தவையும் அல்ல என்பதைக் கவனிக்கவேண்டும். தோட்டம், களம், மாட்டுத் தொழுவம் இவைதாம் அவற்றின் இருப்பிடம். பகலில் வேப்பமரத்து நிழலில் குழி பறித்து, அடியில் இருக்கும் குளிர்ந்த மண்ணில் படுத்திருக்கும். இரவில் எழுந்து காவல் சுற்றும். மழை பெய்தால் திண்ணைக்கு வந்துவிடும். திண்ணை என்பது வீட்டுக்குள்ளும் இல்லை, தெருவும் இல்லை. வழிப்போக்கனுக்கும், கதை பேச வந்த அண்டை வீட்டாருக்கும், நாய்க்கும் அது பொதுவான இடமாக இருந்தது. ஆகவே அந்தக் காலத்து அப்பத்தாமார்களுக்கு இந்த வழக்கை விசாரிக்கவேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

இப்போது கட்டும் வீடுகளில் திண்ணை இல்லை. வாசலில் இரும்புக் கேட்டு, அதை ஒட்டி மோட்டார் வண்டி நிறுத்துவதற்குச் சிமெண்டுத் தளம், உள்ளே நுழைந்தால் வழவழவென்று பளிங்கு. மரத்தை வெட்டியாயிற்று. மண்ணை மூடியாயிற்று. 'நாய் வெளியில்தான் இருக்கவேண்டும்' என்று தீர்ப்புச் சொல்லும் வீட்டில் வெளி என்பதே கேட்டுக்கும் கதவுக்கும் நடுவே பத்தடிச் சிமெண்டுதான். அங்கே ஒரு வளையம் அடித்து, சங்கிலியால் நாயைக் கட்டிவிடுகிறார்கள். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், அக்ஷரசுத்தமாகவே மேலே போய், மொட்டை மாடியில் கட்டிவிடுகிறார்கள். வீட்டுக்குள்ளா, வெளியிலா என்ற விவாதத்தில் இந்தச் சங்கிலியைப் பற்றி இரு கட்சியாரும் பிரஸ்தாபிப்பதே இல்லை. நமது அபிப்பிராயத்தில் முதலில் விசாரிக்கவேண்டிய கேள்வி அதுதான். நிழலும் மண்ணும் நடமாட இடமும் உள்ள முற்றம் இருந்தால், நாட்டு நாய் வெளியில் இருப்பதே அதற்குச் சந்தோஷம். அது இல்லாத வீட்டில், நாயை உள்ளே விடத்தான் வேண்டும். உள்ளே விடவும் மனம் இல்லையென்றால், நாய் வளர்க்காமல் இருப்பதில் ஒரு குறைவும் இல்லை.

இதை நாம் மட்டும் சொல்லவில்லை, சட்டமே சொல்லுகிறது. பரதநாட்டியத்துக்குப் புத்துயிர் கொடுத்தவர்களுள் ஒருவரான ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல், 1952-இல் ராஜ்ய சபை அங்கத்தினராக நியமிக்கப்பட்ட பிறகு, பிராணிகளின் கஷ்டத்தைப் பற்றித் தாமே ஒரு மசோதா கொண்டுவந்தார். அவருடைய முயற்சியின் பலனாக, 1960-இல் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறிற்று. அதன் பதினோராவது பிரிவில், மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் பிராணியை நெடுநேரம் கட்டி வைப்பது குற்றம் என்று சொல்லியிருக்கிறது. அதோடு நிற்காமல், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயைத் தக்கபடி நடமாட விடாமல் இருப்பதும் குற்றம் என்று நாயைக் குறிப்பிட்டே எழுதியிருக்கிறார்கள். முதல் தடவைக் குற்றத்துக்கு அந்தப் பிரிவில் விதித்த அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை. 1960-இல் அது கௌரவமான தொகைதான். இன்றைக்கு ஐம்பது ரூபாய்க்குச் சங்கிலிகூட வாங்க முடியாது.

உஷ்ண விஷயத்துக்கு வருவோம். தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் சிவகாசியில் வேரூன்றியதற்கு ஒரு காரணம், அங்கே மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு என்பதாகும். மருந்து காய்வதற்கு உகந்த அந்த ஆகாயம் நாய்க்கு உகந்தது அல்ல. மனிதனுக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்கோ உள்ளங்காலில்தான் கொஞ்சம் வியர்வை. மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் அதன் விசிறி. நாயின் இயல்பான உடல் உஷ்ணம் 101 முதல் 102½ டிகிரி வரை இருக்கும். அது 105-ஐத் தாண்டினால் அபாயம். கத்திரி வெயிலில் சிமெண்டுத் தளத்தில் கட்டிய நாய்க்கு, மேலே சூரியன், கீழே அடுப்பு. வாயில் நுரை தள்ளிக் கால் தள்ளாடினால், உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மிருக வைத்தியரிடம் எடுத்துப் போகவேண்டும். ராஜபாளையம் நாய்க்கு மயிர் குட்டை; அதனடியில் தோல் இளஞ்சிவப்பு. வெயிலில் அந்தத் தோல் வெந்துபோகும். 'நாட்டு நாய்தானே, தாங்கும்' என்பவர்கள், அது தாங்கியது வேப்பமர நிழலில் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

நாட்டு நாய்க்கே இந்தக் கதி என்றால், பனிப் பிரதேசத்து நாய்களை என்ன சொல்வது? சைபீரியாவிலே சறுக்கு வண்டி இழுத்த ஹஸ்கி நாயை, இரட்டைக் கம்பளி போன்ற மயிருடன், வைகாசி மாதத்துச் சாத்தூரில் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நாய் வீட்டுக்குள்ளா, வெளியிலா என்பது கேள்வியே அல்ல. குளிர்சாதன அறை ஒன்று அதற்குச் சிறைச்சாலையாகும். மின்சாரம் நின்றால் அதுவும் போயிற்று. காசு கொடுத்து அந்நியச் சாமான் வாங்குவதில் நமக்கு உள்ள மோகம் துணிக்கடையோடு நின்றிருக்கலாம்.

இனி அப்பத்தாவின் கட்சிக்கு நியாயம் செய்யவேண்டும். உண்ணி, பூச்சி, மயிர், நாற்றம் என்று அவர் அடுக்குவதெல்லாம் உண்மையே. நாயின் குடலில் உள்ள பூச்சியின் முட்டை, மண்ணில் விளையாடும் குழந்தையின் கை வழியாக வயிற்றுக்குப் போகிறது. ஆனால் இதற்குப் பரிகாரம் பூச்சி மருந்தும் உண்ணி மருந்தும்தானே தவிர, கேட்டுக்கு வெளியே தள்ளுவது அல்ல. வெளியே திரியும் நாய்க்குத்தான் இவை இரட்டிப்பாக வந்து சேரும். குழந்தை எப்படியும் அதைத் தேடிப்போய்க் கட்டிக்கொள்ளத்தான் போகிறது.

வெறிநாய்க் கடியும் அப்படியே. ஒரு காலத்தில் நாய் கடித்தால் குன்னூருக்கு ரயில் ஏறினார்கள். 1907-இல் அங்கே ஏற்பட்ட பாஸ்டர் ஸ்தாபனத்தில் வயிற்றில் ஊசி குத்திக்கொண்டு திரும்பியவர்கள் பழைய குடும்பங்கள் பலவற்றில் உண்டு. இப்போது நாய்க்கு மூன்றாம் மாதத்தில் ஓர் ஊசி, பிறகு மிருக வைத்தியர் சொல்லும் கெடுவில் வருஷந்தோறும் ஓர் ஊசி என்று போட்டு வந்தால் குடும்பத்துக்கு அந்தப் பயம் பெரும்பாலும் நீங்கிவிடும். இரவில் கேட்டைத் திறந்து 'போய் வா' என்று தெருவில் விட்டு, காலையில் சோறு போடும் வழக்கம்தான் மிகவும் கெட்டது. மகாத்மா காந்தி 1926-இல் 'யங் இந்தியா'வில் இதைப் பற்றி எழுதி ஒரு பெரிய சர்ச்சையே நடந்தது. ஆமதாபாத்தில் ஒரு மில் முதலாளி அறுபது தெரு நாய்களைக் கொல்ல ஏற்பாடு செய்ததை ஒட்டி எழுந்த விவாதம் அது. எஜமானன் இல்லாமல் நாய் திரிவது சமூகத்துக்கே அவமானம், நாயிடம் தயை உள்ளவர்கள் அதற்குப் பொறுப்பேற்று வளர்க்கவேண்டும் என்பது காந்தியின் கட்சி. அவர் கொல்வதைப் பற்றிச் சொன்னதில் பலருக்கு அன்றும் மனஸ்தாபம், இன்றும் இருக்கலாம். ஆனால் பாதி எஜமானனாக இருக்கக் கூடாது என்று அவர் சொன்னதை மறுப்பவர் யாரும் இருக்கமாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தீபாவளி இருக்கிறது. சிவகாசிப் பக்கத்து ஊர்களிலே தீபாவளி ஒரு நாளோடு முடிகிற விஷயம் அல்ல. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த ஒரு நாளுக்காக வருஷம் முழுவதும் கைவேலை செய்கின்றன. வெடியே வேண்டாம் என்று அந்தப் பக்கத்தில் யாரிடமும் போய்ச் சொல்ல நமக்கு மனம் வராது. அங்குள்ளவர்களுக்குக் காரணம் தெரியாத சத்தம் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி ஆலை வெடித்துப் பல பேர் மாண்ட பிறகு, அகால வேளையில் ஒரு வெடி கேட்டால் வேலைக்குப் போனவர்களை நினைத்துக் குலை நடுங்குகிறது. நாய்க்கு எல்லா வெடியுமே காரணம் தெரியாத வெடிதான்.

மனிதன் காது அதிகமாய்ப் போனால் வினாடிக்கு 20,000 அதிர்வு வரை கேட்கும். நாயின் காது சுமார் 45,000 வரை கேட்கும். நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று 1999-இல் சர்க்கார் வெடிகளுக்கு விதித்த வரம்பு மனிதக் காதை உத்தேசித்தது. சங்கிலியில் கட்டிய நாய் அன்றைக்கு இழுத்துக் கழுத்தைக் கிழித்துக்கொள்கிறது. சுவரைத் தாண்டிக் குதித்து, சங்கிலி எட்டாமல் மறுபக்கம் தொங்கிச் செத்துப்போவதும் உண்டு. அவிழ்ந்து ஓடினால் கண் போன போக்கில் ஓடி, திரும்பிவர வழி தெரியாமல் திகைக்கும். ஆகையால் எவ்வளவு கண்டிப்பான வீடாக இருந்தாலும், அன்றைக்கு மட்டுமாவது நாயை உள்ளே விடவேண்டும்.

நேரம் தெரிந்த கஷ்டம் என்பது ஒரு சௌகரியம். 2018-இல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவுக்குப் பிறகு, தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரையும் மாலை 7 முதல் 8 வரையும் வெடிக்கலாம் என்று சர்க்கார் அறிவித்தது. பின்னால் வந்த வருஷங்களிலும் அப்படியே அறிவித்து வந்தது. ஊர் அதைக் கடிகாரம் பார்த்து அனுசரிக்கிறது என்று சொல்லமாட்டோம். இருந்தாலும் விடியற்காலை எண்ணெய் ஸ்நானத்துக்கு எழுந்ததும் நாயை வெளியே ஒரு சுற்று நடத்தி வந்து, நடு அறையில் விட்டு, ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியையும் ரேடியோவையும் போட்டுவிடலாம். கட்டிலடியில் போய் ஒளிந்தால் இழுக்கக் கூடாது; அதட்டவும் கூடாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதும். வீட்டு டெலிபோன் எண்ணைப் பொறித்த ஒரு பட்டை கழுத்தில் இருக்கட்டும். மிகவும் நடுங்குகிற நாய்க்கு மருந்து உண்டு. ஆனால் அதைப் பத்து நாளைக்கு முன்பே மிருக வைத்தியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளவேண்டுமே தவிர, பெரியவர்களுடைய தூக்க மாத்திரையை உடைத்துப் போடக் கூடாது.

இத்தனை அமளிக்கும் காதை அசைக்காமல் தூங்கும் நாய்களும் இந்த ஜில்லாவில் உண்டு. அதைத் தைரியம் என்று எண்ணிப் பெருமைப்படவேண்டாம். தூய வெள்ளை நிறத்துக்காகவே தலைமுறை தலைமுறையாக ஜோடி சேர்த்ததில், ராஜபாளையம் குட்டிகளில் சில செவிடாகப் பிறக்கின்றன. குட்டி வாங்கும்போது அதன் பின்புறம் நின்று, நிழல் படாமல், ஒரு தட்டைத் தட்டிப் பாருங்கள். திரும்பாத குட்டிக்குத் தெரு ஆகாது. லாரி வருவது அதற்குக் கேட்காது. சுற்றுச் சுவர் உள்ள முற்றமும், அதிலிருந்து உள்ளே வரத் திறந்த கதவும் அதற்கு வேண்டும். தூங்கும்போது பின்னாலிருந்து திடீரென்று தொட்டால் பயந்து கடித்துவிடும் என்று குழந்தைகளுக்குச் சொல்லி வைக்கவேண்டும். எழுப்பவேண்டுமானால் நாலடி தள்ளி நின்று தரையில் காலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும். அந்த அதிர்வு அதற்குத் தெரியும். தலையைத் தூக்கிப் பார்க்கும்.