தகரத்துள் ஈயம்

ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே ஊட்டுக என்பது அரசின் போதனை. கரவனெல்லத் தோட்டங்களில் இறப்பர்ப் பால் வெட்டும் தாய்க்கோ பேற்று விடுமுறை 12 வாரம்! பின்னர், தாய்ப்பால் எட்டாத சிசுவுக்குப் பால்மாத் தகரமே கதி.

அத்தகரத்துள் என்ன இருக்கிறது? 2025இல் அமெரிக்க நுகர்வோர் அமைப்பொன்று 41 சிசுப் பால்மாக்களைச் சோதித்தது. பெரும்பாலானவற்றில் ஈயம், சிலவற்றில் கவலைதரும் அளவில் ஆசனிக்கு. ஈயத்தில் தீங்கற்ற அளவென்று எதுவுமில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிறிதளவாயினும் அது வளரும் மூளையைத் தாக்கும்.

உயிர்ச்சத்துக்களைப் பெருமையோடு பட்டியலிடும் கம்பனிகள், ஈயத்தின் அளவையும் அச்சிடட்டும். சட்டம் அளித்த பாலூட்டும் இடைவேளையைத் தோட்டங்கள் குறைவின்றி வழங்கட்டும். மரத்தின் பாலை நாள்தோறும் நிறுத்துப் பார்க்கும் நாட்டில், மழலையின் பாலைச் சோதித்துப் பார்க்க ஆளில்லையா?