ஓட்டு எண்ணும் முன்பே ரிசல்ட் தெரிந்த மாநிலம்!

அமெரிக்க அதிபர் தேர்தல் இரவில் டி.வி-யில் மேப் போட்டு ஒவ்வொரு மாநிலமாக வண்ணம் அடிப்பார்கள், பார்த்திருப்பீர்கள். பென்சில்வேனியாவும் விஸ்கான்சினும் மணிக்கணக்கில் இழுத்தடிக்கும். மேற்கே ஒரு சதுரம் மட்டும், வாக்குச்சாவடி மூடிய கையோடு குடியரசுக் கட்சியின் சிவப்புக்கு மாறிவிடும். அதுதான் வயோமிங். இந்த வாரம் அந்தச் சதுரத்துக்குள் ஒரு ரவுண்ட் போய்வரலாம்.

மலை, புல்வெளி, மாட்டுப் பண்ணைகள், யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகள். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 5,76,851. ஐம்பது மாநிலங்களில் இதுதான் ஆகக் குறைவு. அந்த ஆண்டுத் தேர்தலில் ட்ரம்ப்புக்கு 1,93,559 ஓட்டு, பைடனுக்கு 73,491. ஜனநாயகக் கட்சி இங்கே கடைசியாக ஜெயித்தது 1964-ல், லிண்டன் ஜான்சன் நின்றபோது!

ஏன் இப்படி? காலுக்குக் கீழே இருக்கிறது பதில். அமெரிக்கா வெட்டியெடுக்கும் நிலக்கரியில் சுமார் 40 சதவிகிதம் இந்த ஒரு மாநிலத்திலிருந்து போகிறது. இங்கே மாநில வருமான வரி கிடையாது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு வரிதான் பள்ளிக்கூடம் நடத்துகிறது, ரோடு போடுகிறது. அதோடு, மாநிலத்தின் நிலத்தில் கிட்டத்தட்ட பாதி மத்திய அரசுக்குச் சொந்தம். அந்த நிலத்தில் மாடு மேய்க்கவும் சுரங்கம் தோண்டவும் எங்கோ இருக்கும் வாஷிங்டன் அனுமதி தர வேண்டும். 'பருவநிலையைக் காப்பாற்ற நிலக்கரியைக் குறைப்போம்' என்று ஒரு வேட்பாளர் பேசினால், ஜில்லெட் நகரத்துச் சுரங்கத் தொழிலாளியின் காதில் அது 'உன் வேலை போகப்போகிறது' என்றுதான் விழும். வெளியிலிருந்து கிண்டல் செய்வது சுலபம். மாதச் சம்பளம் அந்தக் குழியிலிருந்து வருகிறவருக்கு அது கிண்டல் இல்லை.

வயோமிங்குக்கு அதிபர் தேர்வில் 3 தேர்வாளர் வாக்குகள். கலிஃபோர்னியாவுக்கு 54. ஆனால் கணக்குப் போட்டால், வயோமிங்கில் சுமார் 1.92 லட்சம் பேருக்கு ஒரு வாக்கு, கலிஃபோர்னியாவில் சுமார் 7.3 லட்சம் பேருக்கு ஒரு வாக்கு. 'குட்டி மாநிலத்துக்கு இவ்வளவு வெயிட்டா?' என்று பெரிய மாநிலத்துக்காரர்கள் புலம்புவதில் நியாயம் இருக்கிறது. ஆனால், அந்த வெயிட் யாருக்குப் போகிறது? ஜெயித்தவருக்கே மூன்றும். பைடனுக்கு விழுந்த 73,491 ஓட்டுக்குக் கிடைத்தது பூஜ்யம். முடிவு தெரிந்த மாநிலம் என்பதால், பிரசாரத்துக்கு வேட்பாளர்களும் இந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பது அபூர்வம்.

ஓட்டின் அருமை தெரியாத ஊரும் இல்லை இது. மாநிலமாக ஆவதற்கு முன்பே, 1869-ல், பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்த மண். மறு ஆண்டு லாரமி நகரத்தில் லூயிசா ஸ்வெய்ன் என்ற மூதாட்டி போய் ஓட்டுப் போட்டார். 1892 அதிபர் தேர்தலில் பெண்கள் வாக்களித்த ஒரே மாநிலம் வயோமிங்தான்! அந்த லாரமி இருக்கும் ஆல்பனி கவுன்ட்டி, 2020-ல் பைடனுக்குக் கிடைத்த இரண்டே கவுன்ட்டிகளில் ஒன்று. இன்னொன்று, பணக்காரர்கள் பனிச்சறுக்குக்கு வரும் ஜாக்சன் நகரம் இருக்கும் டீட்டன்.

சரி, மற்றவர்கள் என்ன செய்வார்கள்? கவர்னர், எம்.பி பதவிகளுக்கு ஆகஸ்ட்டில் நடக்கும் குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தல்தான் இங்கே நிஜப் போட்டி. அதனால் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பலர் கட்சிப் பதிவை அன்றைக்கு மட்டும் மாற்றிக்கொண்டு அதில் ஓட்டுப் போட்டுவந்தார்கள். 2022-ல் ட்ரம்ப்பை எதிர்த்த லிஸ் செனிக்காக நிறைய பேர் இப்படித் தாவினார்கள். அப்படியும், ட்ரம்ப் ஆதரித்த ஹேரியட் ஹேக்மனிடம் அவர் படுதோல்வி அடைந்தார்.

அடுத்த வருடமே கதவை மூட ஒரு சட்டம் வந்தது. வேட்புமனுத் தாக்கல் தொடங்கும் மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் தேர்தல் முடியும்வரை கட்சி மாற முடியாது. 'எங்கள் வீட்டு வேட்பாளரை வெளியாள் ஏன் முடிவு செய்ய வேண்டும்?' என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான், ஊரில் இன்னொரு வீடு நிமிர்ந்து நின்றால்.

2024 ஆகஸ்ட் உட்கட்சித் தேர்தல் இந்தச் சட்டப்படிதான் நடந்தது. கட்சி மாற நினைத்தவர்கள் மே மாதத்திலேயே முடிவெடுக்க வேண்டியிருந்தது, யார் யார் மனுத்தாக்கல் செய்யப்போகிறார்கள் என்ற பட்டியலே வருவதற்கு முன்பு.