கோலின் இலக்கமும் கயிற்றின் நிறையும்

நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளுக்கு ட்ரவுட் மீன் வந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. 1882 ஆம் ஆண்டில் அதன் முட்டைகள் கடல் கடந்து இங்கே கொணரப்பட்டன. 1896 இல் சிலோன் பிஷிங் கிளப் என்னும் கழகம் தோன்றியது. முதலில் வந்த பழுப்பு ட்ரவுட் இங்கே தானாகப் பெருகவில்லை. பின்னர் வந்த வானவில் ட்ரவுட்டே ஹோட்டன் சமவெளியின் நீரோடைகளில் இனம் பெருக்கி நிலைத்தது. மீனோடு அதைப் பிடிக்கும் கலையும் வந்தது. அக்கலையிலே பலரையும் மயங்கவைக்கும் ஒரு நுட்பத்தை இவ்வாரம் ஆராய்வோம்.

நம்மவர் தூண்டில் போடும்போது ஈயக்குண்டின் கனமே நூலை இழுத்துச் செல்கிறது. ட்ரவுட் தூண்டிலிலோ இறகினாற் செய்த போலி ஈதான் இரை. அதற்கு நிறை என்பது இல்லை. ஆகவே கயிறே கனமுள்ளதாக இருந்து, கோலை வளைத்து, ஈயையும் சுமந்து செல்லவேண்டும். கயிறு இலேசாயின் கோல் வளையாது. கயிறு காலடியிலே சுருண்டு விழும். அது மிகக் கனத்தால் கோல் வளைந்தபடியே சோர்ந்துவிடும். கயிறு நீரில் அறைந்து மீனைக் கலைத்துவிடும்.

முற்காலத்தில் பட்டுக் கயிறே வழங்கியது. அதன் பருமனை எழுத்துக்களாற் குறித்தனர். எச்-டி-எச் என்றால் இரு முனையும் அங்குலத்தில் 0.025 பருமன், நடுப்பாகம் 0.045 பருமன் என்பது பொருள். பட்டு ஒன்றே வழங்கியவரை பருமனைக் கொண்டே நிறையை அறிய முடிந்தது. நைலோன் வந்ததும் அக்கணக்குக் குலைந்தது. பருமன் ஒன்றாயினும் நிறை வேறாயிற்று. கொழுந்துக் கூடை சுமந்தோருக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? கூடை ஒரே அளவு நிறைந்திருந்தாலும், வெயில் நாட் கொழுந்தும் மழை நாட் கொழுந்தும் தராசிலே ஒன்றாகா. நீருக்கென நிறை கழிக்கும் வழக்கையும் தோட்டத்தார் நன்கறிவர்.

எனவே 1960 ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க உற்பத்தியாளர் புதிய அளவொன்றை வகுத்தனர். கயிற்றின் முதல் 30 அடியின் நிறையைக் கிரெயின் கணக்கில் நிறுத்து, அதற்கோர் இலக்கம் கொடுத்தனர். இலக்கம் 5 என்றால் 140 கிரெயின். 6 என்றால் 160. 8 என்றால் 210. ஒரு கிராம் ஏறக்குறைய 15.4 கிரெயின் ஆகும். ஒரு கையால் வீசும் கோலுக்கு இவ்வளவு போதும்.

சிக்கல் இருகைக் கோலிலே எழுகின்றது. ஸ்கொத்லாந்தின் ஸ்பே ஆற்றங்கரையிலே சல்மன் மீனுக்காக வளர்ந்தது இக்கோல். பெரும்பாலும் 12 முதல் 15 அடி வரை நீளமுள்ளது. முதுகுப்புறம் மரமும் மேடும் நெருங்கிய இடத்திலே கயிற்றைப் பின்னே முழுவதும் வீச வழியில்லை. ஆகவே கயிற்றின் ஒரு பகுதியை நீரிற் படியவிட்டு, எஞ்சியதை வளையமாக்கி முன்னே உருட்டி எறிவர். அப்போது கோலை வளைப்பது 30 அடிக் கயிறன்று. கயிற்றின் தலைப்பாகம் முழுவதுமே. ஆதலால் ஒருகைக் கோலில் 8 என்பது 210 கிரெயினாயிருக்க, இருகைக் கோலில் அதே 8 ஏறத்தாழ 500 முதல் 600 கிரெயின் வரை வேண்டும். இலக்கம் ஒன்று, நிறையோ இரண்டு மடங்கினும் மேல்!

இதனை அறியாதார் கோலில் 8 என்று கண்டதும், 8 என எழுதிய ஒருகைக் கயிற்றை வாங்கி விடுகின்றனர். பின்னர் வீச்சு வரவில்லையெனத் தம் கையை நோகின்றனர். குற்றம் கையிலன்று, கணக்கிலேயே உள்ளது. கயிறோ விலை மலிந்த பொருளன்று.

ஆதலால் வாங்குமுன் மூன்று செய்திகளைப் பாருங்கள். கோலின் மீது கிரெயின் அளவு பொறித்திருப்பின் அதையே நம்புங்கள். கயிற்றின் உறையிலே தலைப்பாகத்தின் நிறையும் நீளமும் தனித்தனியே உளவா எனக் காணுங்கள். எறிதலைக் கயிறாயின் அதன் நீளம் கோலைப்போல மூன்று முதல் மூன்றரை மடங்கு இருத்தல் பொதுவாகப் பொருந்தும். உறை தொலைந்த பழங்கயிறாயின், தலைப்பாகத்தை மட்டும் சுருட்டி நகைக்கடைத் தராசில் நிறுத்துவிடுங்கள்.

மற்றொன்றும் சொல்லவேண்டும். நம் மலைநாட்டு ஓடைகள் குறுகியவை. இங்கே 4 அல்லது 5 இலக்க ஒருகைக் கோலே தாராளமாகப் போதும். இருகைக் கோல் அகன்ற நீருக்கே உரியது. ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. அங்குள்ள விதிகளை அறியாமல் எந்தக் கோலையும் எடுத்துச் செல்லாதீர்கள்.

துரைமார் விட்டுச்சென்ற நீண்ட கோலொன்று எவர் வீட்டுப் பரணிலேனும் கிடக்குமாயின், அதன் அடியிலுள்ள எழுத்தைத் துடைத்துப் படியுங்கள். எழுத்துக் குறியாயின் அது பட்டுக் காலத்துக் கோல். இன்றைய கயிற்றை அதற்குப் பூட்டுமுன் தராசையே கேளுங்கள்.