ஊர் சுற்றிவிட்டு வந்த தம்பதியும் ஒரு கால் வீக்கமும்

கொஞ்சம் நீளமான இழை நண்பர்களே. வீட்டில் ஐம்பத்தைந்து, அறுபது வயதில் அப்பா அம்மா இருந்து, "ஒரு தடவையாவது வெளிநாடு போய்ப் பாத்துட்டு வந்துறணும்"னு அவர்கள் பேச ஆரம்பித்திருந்தால் கடைசி வரை படியுங்கள்.

சம்பந்தப்பட்டவர்களிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். "ஊரை வேணாப் போட்டுக்கங்க தம்பி, பேரை மட்டும் போட்டுறாதீக. பஸ் ஸ்டாண்டுல வச்சே கேலி பண்ணுவாக" என்றார் அந்த அம்மா.

ஊர் குமாரலிங்கபுரம். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வானம் பார்த்த பூமியைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். தெரியாதவர்களுக்கு: கரிசல், கண்மாய், சீமைக்கருவேலம், மழை பெய்தால் வெள்ளாமை. இந்தச் சீமையில் வெளிநாடு போவது என்றால் பிழைக்கப் போவது என்றுதான் அர்த்தம். தாத்தா காலத்தில் ரங்கூன், கொழும்பு. அப்பா காலத்திலிருந்து துபாய், சிங்கப்பூர், மலேசியா. சும்மா பார்த்துவிட்டு வருவதற்காகப் போவது என்பது எங்கள் ஆட்களுக்குப் பிடிபடாத விஷயம். "அங்க யாரு இருக்கா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

ஐயாவுக்கு 64 வயது. பஸ் கண்டக்டராக 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு 59. வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்தவர், சர்க்கரை நோய்க்கு என்னிடம்தான் மாத்திரை வாங்குகிறார். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 30 நாள் அனுமதி தந்ததை டீக்கடைப் பேப்பரில் படித்ததிலிருந்து ஐயாவுக்கு நமைச்சல். இரண்டு வருடம் சீட்டுப் போட்டுச் சேர்த்து, மலேசியா, தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் என்று 63 நாள் சுற்றிவிட்டு வந்தார்கள். டூர் கம்பெனி கிடையாது. பஸ், ரயில், பத்துப் பேர் படுக்கிற டார்மிட்டரி, பையில் அரிசியும் பருப்புப்பொடியும் ஒரு சின்ன கரண்ட் குக்கரும். இருவருக்கும் சேர்த்து மூன்றே கால் லட்சத்துக்குள் முடித்ததாக அம்மா கணக்கு நோட்டையே கொண்டுவந்து காட்டினார். தண்ணீர் பாட்டில் வரை எழுதியிருந்தது.

பிரச்சினை அந்த 63 நாளில் வரவில்லை. திரும்பி வருகிற இரண்டு நாளில் வந்தது.

கையில் இருந்த பணம் தீர்ந்துகொண்டிருந்தது. அதனால் கடைசிப் பயணத்தை இருப்பதிலேயே மலிவாகப் போட்டிருக்கிறார்கள். பாங்காக்கிலிருந்து ஹாட் யாய் வரை ரயில், சுமார் 16 மணி நேரம். படுக்கை வசதிக்குக் கூடக் காசு என்பதால் உட்கார்ந்தே. அங்கிருந்து பஸ்ஸில் எல்லை தாண்டி கோலாலம்பூர், ஒன்பது மணி நேரம். ரூம் போட்டால் செலவு என்று ராத்திரி ஏர்போர்ட் நாற்காலியிலேயே தூக்கம். காலையில் திருச்சிக்கு நான்கு மணி நேர விமானம். திருச்சியிலிருந்து மதுரை, மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, மறுபடி பஸ்.

கூட்டிப் பாருங்கள். இரண்டு நாளில் கிட்டத்தட்ட நாற்பது மணி நேரம் காலைத் தொங்கப் போட்டபடி உட்கார்ந்திருக்கிறார். அதோடு, அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டி வரும் என்று தண்ணீரும் குடிக்கவில்லை. நம்ம ஊர் பெரியவர்கள் நிறையப் பேர் பஸ் பயணத்தில் இதைத்தான் செய்கிறார்கள்.

31 வருடம் ஓடுகிற பஸ்ஸில் நின்றே வேலை பார்த்தவர் இவர். இரண்டு காலிலும் நரம்பு சுருண்டு புடைத்திருக்கும். கண்டக்டர்கள், சலூன் கடைக்காரர்கள், பரோட்டா மாஸ்டர்கள் காலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாங்கள் வெரிகோஸ் வெயின் என்போம்.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் இடது கெண்டைக்காலில் வலி. ஐந்தாம் நாள் வீக்கம். "மூட்டையத் தூக்குனதுல சுளுக்கு" என்று அவரே முடிவு பண்ணி, சுளுக்கு வழிக்கிறவரிடம் போய் எண்ணெய் போட்டு இரண்டு நாள் நீவி விட்டிருக்கிறார். எட்டாம் நாள் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியதும்தான் அந்த அம்மா பயந்துபோய் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டி வந்தார்.

இடது காலின் சுற்றளவு வலது காலை விட மூன்று சென்டிமீட்டருக்கு மேல் கூட இருந்தது. டாப்ளர் ஸ்கேனில் ஆழத்து ரத்த நாளத்தில் உறைகட்டி. மதுரைக்கு அனுப்பினேன். அங்கே சிடி எடுத்ததில் கட்டியின் துணுக்குகள் நுரையீரலுக்குப் போயிருந்தன. பெரிய துணுக்காக இருந்திருந்தால் இந்த இழையை எழுதியிருக்க மாட்டேன். அவர் பிழைத்தார். ரத்தம் உறையாமல் இருக்க இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். இந்த மாத்திரை குறைந்தது மூன்று மாதம் ஓடும்.

இதில் என்னை உறுத்தியது வேறு. வலி வந்த மூன்றாம் நாளே ஏன் வரவில்லை என்று கேட்டேன். ஐயா பேசவில்லை. அம்மாதான் சொன்னார்: "மகன் போகவே கூடாதுன்னு சண்டை போட்டான் தம்பி. இப்ப கால் வலின்னா, அதான் அப்பவே சொன்னேன்லன்னு ஆரம்பிப்பான். சொந்தக்காரக எல்லாம் ஊர் சுத்தப் போனீகள்ல, அனுபவிங்கன்னு சொல்லுவாக. அதான் இவுக வாயவே தொறக்கல."

அம்மாவிடம் ஒரு ரகசியம் இருந்தது. கொண்டுபோன சர்க்கரை மாத்திரை ஐந்தாவது வாரமே தீர்ந்துவிட்டது. அங்கே கடையில் பெயர் சொல்லிக் கேட்கத் தெரியவில்லை. நான்கு வாரம் மாத்திரை இல்லாமலே ஓட்டியிருக்கிறார். வந்த பிறகும் அதை யாரிடமும் சொல்லவில்லை. அன்று அவருக்குச் சர்க்கரை 340.

இனி என் பங்கு. கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால் இருவரும் என்னிடம் வந்தார்கள். "தம்பி, ரெண்டு மாசம் வெளிநாடு போறோம், என்ன எடுத்துட்டுப் போகணும்?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? சிரித்துக்கொண்டே, "இந்த வயசுல எதுக்கும்மா இந்த வேலை?" என்றேன். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். வழக்கமாக எழுதுகிற முப்பது நாள் மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் வேட்டியைத் தூக்கிக் காலைக் காட்டச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

மகன் சொன்னதற்கும் நான் சொன்னதற்கும் வித்தியாசம் இல்லை. நான் ஸ்டெதாஸ்கோப் மாட்டிக்கொண்டு சொன்னேன், அவ்வளவுதான்.

கொச்சி விஜயன் – மோகனா தம்பதியை உங்களுக்கு நினைவிருக்கும். கடவந்திராவில் 'ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ்' என்ற சின்ன டீக்கடை. ஒரு நாளைக்கு 300 ரூபாய் எடுத்து வைத்து, போதாததற்குக் கடன் வாங்கி ஒரு நாட்டைப் பார்த்துவிட்டு வருவார்கள். வந்து டீ ஆற்றிக் கடனை அடைப்பார்கள். அடைத்ததும் அடுத்த நாடு. 2007-ல் ஆரம்பித்து 26 நாடுகள். கடைசியாக 2021 அக்டோபரில் ரஷ்யா. ஊர் திரும்பிச் சில வாரங்களில், அந்த நவம்பர் 19 அன்று, விஜயன் மாரடைப்பில் காலமானார். எழுபதைத் தாண்டியவர்.

அன்று எங்கள் வாட்ஸ்அப் குழு ஒன்றில் படித்தவர் ஒருவரே போட்டார்: "இதுக்குத்தான் அந்த வயசுல வீட்ல இருக்கணும்." டாக்டர்கள் சிலர் அதற்குக் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள்.

எழுபது தாண்டியவர்களுக்கு மாரடைப்பு டீக்கடையில் நிற்கும்போதும் வரும், ஈசி சேரில் சாய்ந்திருக்கும்போதும் வரும். அவருடைய மாரடைப்புக்குப் பயணம்தான் காரணம் என்று சொல்ல யாரிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? முன்னால் நடந்ததாலேயே அது காரணம் ஆகிவிடாது. ஆனால் அப்படி ஒரு வரியை நாலு பேர் ஃபார்வர்டு செய்தால், அதைப் படிக்கிற பெரியவர் ஒன்று போகாமல் இருப்பார், இல்லை போய்விட்டு வந்து வலியை மறைப்பார். இரண்டாவதைத்தான் நான் நேரில் பார்த்தேன்.

சரி, பயணத்தால் வருகிற ஆபத்து எவ்வளவு? உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வறிக்கைப்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் ரத்தக்கட்டி வருகிற வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு ஆகிறது. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் நல்ல உடம்புக்காரர்களில் அது சுமார் 6000 பேரில் ஒருவருக்கு. விமானம் மட்டுமல்ல, பஸ், கார், ரயில் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அடுத்தடுத்துப் பயணம் செய்தால் ஆபத்தும் கூடிக்கொண்டே போகும். இறங்கியதோடு முடிவதும் இல்லை, நான்கு வாரம் வரை நீடிக்கும். எட்டாம் நாள் மூச்சு வாங்கினால் "போயிட்டு வந்து ஒரு வாரம் ஆச்சே" என்று யாருக்கும் தோன்றாது. அதனால் சொல்கிறேன்.

யாருக்கு வாய்ப்பு அதிகம்? முன்பே ரத்தக்கட்டி வந்தவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள், ரொம்பக் குண்டானவர்கள், கர்ப்பிணிகள், ஹார்மோன் மாத்திரை சாப்பிடுபவர்கள். நம்ம கண்டக்டர் ஐயா மாதிரி சுருள் நரம்பு உள்ளவர்களும்தான். இவர்களுக்கு முழங்கால் வரை போடுகிற அழுத்தக் காலுறை உதவும், ஆனால் அளவு பார்த்து டாக்டர் சொல்லி வாங்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வருகிற மாதிரி பயணத்துக்கு முன்னால் தானாக ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சிக்கனமாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எங்கே வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள், திரும்பி வருகிற பயணத்தில் பிடிக்காதீர்கள். கிளம்பும்போதே அந்தக் கடைசிக் காசைத் தனியாக முடிந்து வையுங்கள். நடுவில் ஒரு ராத்திரி காலை நீட்டிப் படுக்கிற மாதிரித் திட்டம் போடுங்கள். நடைபாதை ஓரத்து சீட் கேளுங்கள், மணிக்கு ஒரு தடவை எழுந்து நாலு எட்டு நடங்கள், முடியாவிட்டால் உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். தண்ணீர் குடியுங்கள். வந்தபின் ஒரு கால் மட்டும் வீங்கினால் நீவாதீர்கள், நீவினால் கட்டி நகர்ந்து போகலாம். அன்றே டாக்டரைப் பாருங்கள். நெஞ்சு வலி, மூச்சு வாங்கல் என்றால் டாக்டர் வீட்டு வாசலில் காத்திருக்க வேண்டாம், 108.

மாத்திரை விஷயம். போகிற நாளுக்கு மேல் இரண்டு வாரத்துக்குக் கூடவே வாங்கி, பாதியைக் கைப்பையில் வையுங்கள். இன்சுலின் போடுபவர்கள் எல்லாவற்றையும் கைப்பையிலேயே வையுங்கள், லக்கேஜில் போனால் உறைந்து வீணாகலாம். மருந்துச்சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் என்று எழுதியிருந்தால் பாங்காக் மருந்துக்கடைக்காரருக்கும் புரிந்திருக்கும். அதை எழுதாதது என் தப்பு.

திரும்பி வந்தபின் காய்ச்சல் வந்தால், வாயைத் திறந்ததும் முதல் வார்த்தையாக எந்தெந்த நாட்டுக்குப் போனீர்கள், எப்போது வந்தீர்கள் என்று சொல்லுங்கள். டெங்கு என்றால் இரண்டு வாரத்துக்குள் தெரியும். மலேரியா ஒரு வாரத்திலும் வரும், சில மாதம் கழித்தும் வரும். நீங்கள் சொல்லாவிட்டால், அருப்புக்கோட்டையில் உட்கார்ந்திருக்கிற எனக்குக் கம்போடியா எப்படி ஞாபகம் வரும்?

பிள்ளைகளே, பயணம் பிடிக்காவிட்டால் போகும் முன்னால் சண்டை போடுங்கள், உங்களுக்கு உரிமை இருக்கிறது. வந்தபிறகு ஒரு மாதம் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். போன் பண்ணினால் "காலு எப்படிப்பா இருக்கு, மூச்சு கீச்சு வாங்குதா, மாத்திரை இருக்கா?" என்று கேளுங்கள். சக டாக்டர்களுக்கும் அதேதான் சொல்லுவேன், என்னையும் சேர்த்து.

போன வாரம் இருவரும் மறுபரிசோதனைக்கு வந்தார்கள். வீக்கம் வடிந்துவிட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை 160-க்கு இறங்கியிருக்கிறது. மகன்தான் காரில் கூட்டி வந்திருந்தார். அவர் மருந்து வாங்க வெளியே போனதும் அம்மா கணக்கு நோட்டை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் புதுசாக "நேபாளம்" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது.

"மூணு மாச மாத்திரை முடியட்டும், அப்புறம் காலைப் பாத்துட்டுப் பேசுவோம்" என்றேன்.

ஐயா ரொம்ப யோசனையாகக் கேட்டார்: "உக்காந்துதானே தம்பி கட்டி வருது? நான் வேணாப் பழைய மாதிரி நின்னுக்கிட்டே வந்துறவா?"