ஷவர் வடிகட்டியும் முகப்பருவும்

குருகிராம் பக்கம் குடியிருக்கும் நம் அன்பர்கள் பலர் வீட்டு ஷவரில் இப்போது ஒரு வடிகட்டி ஏறியிருக்கிறது. என் வீட்டிலும் உண்டு. முகப்பருவுக்காகப் பேத்தி வாங்கி மாட்டினாள். "போர்வெல் தண்ணிதான் காரணம் தாத்தா, இனி டாக்டர் வேண்டாம்" என்றாள்.

நான் ரயில்வேயில் சேர்ந்தபோது நீராவி இன்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கடின நீரை அப்படியே விட்டால் கொதிகலனில் காரை படியும். சுண்ணாம்பும் சோடாவும் கலந்து மென்னீராக்குவார்கள். (சுண்ணாம்பை எடுக்கச் சுண்ணாம்பு!) நீரில் கரைந்த கால்சியமும் மக்னீசியமும் சல்லடையில் நிற்பவை அல்ல. ஷவர் வடிகட்டி மண், துருவைப் பிடிக்கும், குளோரினைக் குறைக்கும். குளோரின் கலக்காத போர்வெல் நீரில் அதற்கென்ன வேலை?

வடிகட்டிய நீர் ஒரு பாட்டிலிலும் வடிகட்டாதது மற்றொன்றிலும் பிடித்து, சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கினேன். இரண்டிலும் நுரையில்லை, திரைதான்.

கடினத்தன்மையை உண்மையிலேயே நீக்கும் ரெசின் கருவியை இங்கிலாந்தில் எக்ஸிமா உள்ள 336 குழந்தைகளை இரு பிரிவாக்கிச் சோதித்தார்கள். 12 வாரத்தில் கூடுதல் குணம் தெரியவில்லை என்று 2011-ல் முடிவு வந்தது. கடின நீரில் சோப்பு சரியாக அலசிப் போகாமல் மென்மையான தோலை உறுத்துவது மெய்தான். அதற்குக் காரமில்லாத சோப்பைக் கொஞ்சமாகப் போட்டால் போதும். முகப்பருவோ தோலின் எண்ணெய்ச் சுரப்பியில் கிளம்புவது.

வடிகட்டியை நம்பி நான்கு மாதம் போயிற்று. கன்னத்தில் தழும்பு விழுந்த பிறகுதான் தோல் டாக்டரிடம் போனோம். இப்போது களிம்பில் அடங்கி வருகிறது. வடிகட்டியைக் கழற்றப் பேத்தி விடவில்லை. "மண்ணாவது நிற்கிறதே" என்கிறாள். அது நிற்கிறது.