காசு வாங்கத் தெரிந்த கம்பனிக்கு வழக்குப் பேசத் தெரியாதா?



தோட்டத்து இளைஞர்கள் லீசிங் போட்டு ஆட்டோ வாங்குகிறார்கள். காப்புறுதி முகவர் லயத்து வாசலுக்கே வந்து பத்திரம் எழுதித் தருகிறார். "இந்தக் கார்ட் இருந்தால் பொலிஸில் பிரச்சினை இல்லை" என்பதோடு அவருடைய விளக்கம் முடிந்துவிடுகிறது.

மூன்றாந்தரப்புக் காப்புறுதியைச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது பொலிஸாருக்குக் கார்ட் காட்டுவதற்காகவா? இல்லை. வீதியில் அடிபட்டவருக்கு நட்டஈடு கிடைக்க வேண்டும் என்பதற்காக. அடிபட்டவர் வழக்குப் போட்டால், நமக்காகச் சட்டத்தரணியை வைத்து வாதாடவும் நட்டஈட்டைக் கட்டவும் கம்பனி முன்வர வேண்டும். நாம் காசு கட்டுவது அதற்குத்தான்.

ஆனால் அழைப்பாணை வரும் நாளில் கம்பனி பத்திரத்தைப் புரட்டுகிறது. ஓட்டியவரிடம் அந்த வகை வாகனத்துக்கான சாரதி அனுமதிப்பத்திரம் இல்லை என்கிறது. சொந்தப் பாவனைக்கு எழுதிய வண்டி வாடகைக்கு ஓடியது என்கிறது. விபத்தை உடனே அறிவிக்கவில்லை, கம்பனியைக் கேட்காமல் குற்றத்தை ஒப்புக்கொண்டீர்கள் என்கிறது.

குடித்துவிட்டு ஓட்டுபவனுக்காக நாம் பரிந்து பேசவில்லை. அனுமதிப்பத்திரம் இல்லாத பையனிடம் வண்டியைக் கொடுப்பதையும் நியாயப்படுத்தவில்லை. நாம் கேட்பது ஒன்றுதான்: கைவிடுவதற்குக் காரணமாகும் நிபந்தனைகளைக் காசு வாங்கும்போதே நம் மொழியில் ஏன் சொல்லவில்லை? ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சடித்துவிட்டு, "வாசித்துத்தானே கையொப்பமிட்டீர்கள்" என்பது என்ன நியாயம்? தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் சொல்கிறது. சந்தா வாங்கத் தோட்டத்துக்கு வரத் தெரிந்தவர்களுக்குத் தமிழில் ஒரு படிவம் அடிக்கத் தெரியாதா?

கம்பனி கைவிட்டால் ஓட்டியவர் மட்டும் கெடுவதில்லை. அடிபட்டவர் பெரும்பாலும் வேலை முடிந்து வீதியோரமாக நடந்துவந்த நம் அக்காவோ தங்கச்சியோதான். அவருக்குத் தீர்ப்புக் கிடைத்தாலும், லயத்தில் இருக்கும் பையனிடமிருந்து எதை அறவிடுவது? இரண்டு குடும்பமும் நடுத்தெருவில் நிற்கும். கம்பனியின் கணக்கு மட்டும் சரியாக இருக்கும்.

ஆகவே நாம் கோருவது:

1. காப்புறுதிப் பத்திரமும் கோரிக்கைப் படிவமும் தமிழில் தரப்பட வேண்டும்.
2. எந்தெந்தச் சந்தர்ப்பத்தில் கம்பனி பொறுப்பேற்காது என்பதைக் கையொப்பத்துக்கு முன் முகவர் வாசித்துக் காட்ட வேண்டும்.
3. மறுப்பதானால் காரணத்தையும் நிபந்தனையின் இலக்கத்தையும் குறிப்பிட்டு உடனே எழுத்தில் தர வேண்டும். வருடக்கணக்கில் இழுத்தடித்துவிட்டுக் கைவிரிக்கக் கூடாது.

காப்புறுதித் துறையை மேற்பார்க்க 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இருக்கிறது. அந்த ஆணைக்குழு தோட்டத்தையும் திரும்பிப் பார்க்கட்டும்.

அதுவரை நாமும் விழிப்பாக இருப்போம். விபத்து நடந்த அன்றே பொலிஸுக்கும் கம்பனிக்கும் அறிவியுங்கள். நீதவான் நீதிமன்றத்தில் "குற்றவாளி என்று சொல்லித் தண்டப்பணத்தைக் கட்டினால் ஒரே நாளில் முடிந்துவிடும்" என்பவர்களின் பேச்சை நம்பாதீர்கள். அந்த ஒப்புதல் பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கு வரும்போது நமக்கு எதிராகவே காட்டப்படலாம். அந்த வழக்கைப் போட அடிபட்டவருக்கு 2 வருடம் அவகாசம் உண்டு. ஆறு மாதம் சத்தமில்லை என்பதால் எல்லாம் முடிந்ததாக நினைக்க வேண்டாம்.

அழைப்பாணை வந்தால் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். பிரதியை வைத்துக்கொண்டு உடனே கம்பனியிடம் கொடுத்து, கொடுத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்குங்கள். கம்பனி பார்த்துக்கொள்ளும் என்று தவணைக்குப் போகாமல் இருந்தால், நாம் இல்லாமலே தீர்ப்பாகும். அந்தத் தீர்ப்பாணை கையில் கிடைத்து 14 நாட்களுக்குள் நீதிமன்றத்துக்குப் போய்த் தக்க காரணம் காட்டாவிட்டால், அதை நீக்குவது மிகக் கடினம். சட்டத்தரணிக்கு வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

தோட்டத் தலைவர்களே, தலைவிகளே! அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு ஆட்டோ வைத்திருக்கும் தம்பிமாரைப் பத்திரத்தோடு வரச் சொல்லுங்கள். வரிக்கு வரி வாசித்துத் தமிழில் விளக்க நாம் தயார். நாம் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் மலையில் பறித்த கொழுந்தின் காசு. அதற்குக் கணக்குக் கேட்பது நம் உரிமை!