அறுபதுக்கு மேல் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

அறுபதைத் தாண்டிய ஒருவர் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறேன் என்று சொன்னால் நம் ஊரில் இரண்டு பதில்தான் கிடைக்கும். ஒன்று, "இந்த வயசுல இதெல்லாம் தேவைங்களா?" இன்னொன்று, "வாங்கறதுன்னா ஒரு குறையும் இல்லாததா பாத்து வாங்குங்க." இரண்டுமே உதவாத பதில்கள் என்பது என் கட்சி. முதல் கேள்வியை நாற்பது வயதுக்காரர் பைக் வாங்கும்போதும் கேட்கிறார்கள், எழுபது வயதுக்காரர் புது வேட்டி எடுக்கும்போதும் கேட்கிறார்கள். அதை விட்டுவிடலாம். இரண்டாவதுதான் ஆபத்தானது. குறையே இல்லாத பழைய கார் என்று ஒன்று கிடையாது. அதைத் தேடுகிறவர் ஒன்று வாங்கவே மாட்டார், இல்லையென்றால் குறையை நன்றாக மறைத்து வைத்திருக்கிறவரிடம் போய் வாங்குவார்.

இதை இப்போது எழுதக் காரணம் என் மைத்துனர். வயது 63. கல்லூரியில் படிக்கிற காலத்தில் சோழவரம் ரேஸ் பார்க்கக் கோவையிலிருந்து ராத்திரி ரயில் ஏறிப் போனவர். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. வெயிலில் நின்று பார்த்துவிட்டு, திரும்பி வந்து ஒரு வாரம் அதையே பேசுவார். அதன்பின் வேலை, கல்யாணம், வீடு, பிள்ளைகள் படிப்பு என்று நாற்பது வருஷம் போயிற்று. இப்போது வீட்டுச் செலவுக்கும் மருத்துவத்துக்கும் ஒதுக்கியது போக ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். "மாமா, இப்ப வாங்கலைன்னா அப்புறம் எப்பங்க வாங்கறது?" என்கிறார். நியாயமான கேள்வி.

அவர் பட்டியலில் மூன்று வண்டிகள். மும்பையில் ஒரு 2008 போர்ஷே பாக்ஸ்டர், இரண்டு சீட், துணிக்கூரை. பக்கத்து ஊரில் ஒரு 2016 அபார்த் புன்ட்டோ. இங்கேயே ஒரு 2014 போலோ ஜி.டி. பின்னது இரண்டையும் ஸ்போர்ட்ஸ் கார் என்று ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. ஆனால் நம் சாலையில், நம் பணத்தில், வேகத்தின் ருசி வேண்டும் என்கிறவர்கள் போய் நிற்கிற இடங்கள் இவைதான்.

நான் 34 வருஷம் மில்லில் மெயின்டெனன்ஸ் பார்த்தவன். எந்த மெஷினும் விட்டுக்கொடுத்தல்களின் மூட்டைதான் என்பது எனக்குப் பழகிப்போன உண்மை. வேகத்தைக் கூட்டினால் பேரிங் சீக்கிரம் போகும். எடையைக் குறைத்தால் அதிர்வு வரும். பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஒருவர் கேட்பது நான்கு விஷயங்கள்: வேகமும் அழகும் வேண்டும், நம்பி ஓட்ட வேண்டும், விலை குறைவாக இருக்க வேண்டும், தினசரிக்கும் உதவ வேண்டும். நான்கும் ஒரே வண்டியில் கிடைக்காது. இரண்டு நிச்சயம் கிடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் மூன்று. ஆகவே எதை விடப் போகிறோம் என்பதை வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்துகொள்ள வேண்டும். சிவப்பு பெயின்ட்டைப் பார்த்த பிறகு யாராலும் யோசிக்க முடியாது.

வயது வந்து நிற்கிற இடம் இதுதான். முப்பது வயதுக்காரரிடம் பணம் குறைவு, வருஷங்கள் அதிகம். அவர் ஓடாத வண்டியை மலிவாக வாங்கிப் போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாகச் சரி செய்யலாம். ஐந்து வருஷம் ஆனாலும் அவருக்கு நஷ்டமில்லை, அதுவே ஒரு படிப்பு. 63 வயதில் கணக்கு தலைகீழ். இப்படி ஒரு காரைத் தைரியமாக, ஆசையாக, முட்டி வலிக்காமல் ஓட்டுவதற்கு இன்னும் பத்து வருஷம் இருக்கலாம், ஏழு இருக்கலாம். அதில் இரண்டு வருஷத்தை வொர்க்‌ஷாப் வாசலில் செலவழிப்பது பெரிய விலை. பணத்தில் விட்டுக்கொடுக்கலாம், பெயின்ட்டில், குதிரைத்திறனில்கூட விட்டுக்கொடுக்கலாம். வண்டி சாலையில் இருக்கிற நாட்களை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பாக்ஸ்டரை எடுத்துக்கொள்வோம். அருமையான வண்டி. ஆறு சிலிண்டர் என்ஜின் நடுவில் உட்கார்ந்திருக்கும், வளைவில் திருப்பினால் நம் மனசு நினைக்கிற இடத்துக்குப் போகும். ஆனால் 1997 முதல் 2008 வரை வந்த மாடல்களில் உலகறிந்த ஒரு பலவீனம் உண்டு. கிராங்க்கிலிருந்து கேம் ஷாஃப்டுகளுக்குச் சுழற்சியைக் கொண்டு போகும் இடைத் தண்டு ஒன்று என்ஜினுக்குள் இருக்கிறது. அதன் கடைசியில் இருக்கும் பேரிங் உடைந்தால் பெரும்பாலும் என்ஜினே போய்விடும். எல்லா வண்டியிலும் உடைவதில்லை, பல வண்டிகள் இன்றும் நன்றாகவே ஓடுகின்றன. 2006-க்குப் பின் வந்தவற்றில் பெரிய பேரிங் போட்டார்கள். அது உடைவது குறைவு, ஆனால் மாற்ற வேண்டுமென்றால் என்ஜினையே பிரிக்க வேண்டும். 2009 மாடலில் வந்த புது என்ஜினில் அந்தத் தண்டையே எடுத்துவிட்டார்கள்.

இதிலிருந்து எனக்குக் கிடைக்கிற பாடம், பாக்ஸ்டர் வேண்டாம் என்பதல்ல. வாங்குவதானால் 2009-க்குப் பிந்தையதை, கூடுதல் விலை கொடுத்து, சர்வீஸ் பில்கள் வரிசையாக இருப்பதை வாங்க வேண்டும். அந்த அளவுக்குப் பணம் இல்லையென்றால் மலிவான பாக்ஸ்டரைத் தேடக் கூடாது, ஒரு படி இறங்கி நல்ல போலோவை வாங்க வேண்டும். பெரிய வண்டியில் மோசமான பீஸைவிடச் சின்ன வண்டியில் நல்ல பீஸ் மேல். பழைய கார் சந்தையில் அதிகம் பேர் வழுக்கி விழுவது இங்கேதான். பெயர் பெரிது, விலை சிறிது என்றால் நடுவில் காணாமல் போனது என்ன என்று முதலில் கேட்க வேண்டும்.

மற்ற இரண்டிலும் குறை உண்டு. அபார்த் புன்ட்டோவில் 1.4 லிட்டர் டர்போ, 145 குதிரைத்திறன், மேனுவல் கியர். அந்த விலைக்கு அவ்வளவு உற்சாகம் வேறெதிலும் கிடைப்பது கஷ்டம். ஆனால் ஃபியட் 2019-லேயே இந்தியாவில் கார் விற்பனையை முடித்துக்கொண்டது. என்ஜின் பாகங்கள் சில லீனியா டி-ஜெட்டோடு பொது என்பதால் தேடினால் கிடைக்கும். அந்த வண்டிக்கே உரிய பம்பரும் விளக்கும் உடைந்தால் காத்திருக்க வேண்டும். போலோ ஜி.டி.யில் 1.2 லிட்டர் டர்போ, ஏழு கியர் டி.எஸ்.ஜி. 2022 வரை போலோவை நம் நாட்டிலேயே செய்தார்கள், சாமான் கிடைக்கும். ஆனால் அந்த கியர்பாக்ஸின் மெக்கட்ரானிக்ஸ் பகுதி போனால் பில் கனமாக வரும். வாங்கும் முன் மேட்டில், நெரிசலில், வண்டி சூடான பிறகு ஓட்டிப் பார்த்தால் உதறல் தெரியும்.

சின்ன என்ஜின் என்று கேவலமாகப் பார்க்க வேண்டியதில்லை. நம் கோவை கரிவரதன் 1980-களின் கடைசியில் மாருதி 800 என்ஜினை வைத்தே ஒற்றைச் சீட் ரேஸ் காரை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். 796 சி.சி. தான். குதிரைத்திறனை விட்டுக்கொடுத்து, செலவு குறைவு, எல்லா ஊரிலும் சாமான் கிடைக்கும் என்ற இரண்டைப் பிடித்தார். அதனால் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே இருந்த பந்தயத்துக்குள் பலர் வர முடிந்தது. பின்னாளில் ஃபார்முலா ஒன்னுக்குப் போன நரேன் கார்த்திகேயனும் ஆரம்பத்தில் ஓட்டியது அதைத்தான். வெளிநாட்டில் 1989-ல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 கதையும் இதே. 1.6 லிட்டர் என்ஜின், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை. எதைக் குறைக்கலாம் என்று தெளிவாக முடிவெடுத்துச் செய்த வண்டி. 2016-ல் பத்து லட்சமாவது கார் வெளிவந்தது. இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்களில் அதுவரை வேறெதுவும் அத்தனை விற்றதில்லை.

இனி, விடவே கூடாதவை. முதலாவது காகிதங்கள். ஆர்.சி.யில் இருக்கும் சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். கடனில் வாங்கிய வண்டி என்றால் கடன் முடிந்ததற்கு படிவம் 35, வெளி மாநிலம் என்றால் தடையில்லாச் சான்றுக்கு படிவம் 28, பெயர் மாற்றத்துக்கு 29, 30. இங்கே கொண்டு வந்தால் நம் மாநிலச் சாலை வரி தனியாகக் கட்ட வேண்டும். டெல்லியில் 15 வருஷம் கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கு வந்த தடைக்குப் பிறகு வடக்கிலிருந்து மலிவு விலையில் வண்டிகள் தெற்கே வருகின்றன. விலையைப் பார்க்கும்போது வரியையும் லாரி வாடகையையும் சேர்த்துப் பாருங்கள். 15 வருஷம் முடிந்தால் எஃப்.சி. எடுத்து ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். ஏப்ரல் 2022 முதல் காருக்கான அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகிவிட்டது.

இரண்டாவது, அடிபட்ட வண்டியும் வெள்ளத்தில் நின்ற வண்டியும். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் எத்தனை கார்கள் மூழ்கின என்று நாமே டி.வி.யில் பார்த்தோம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை அங்கே ஒளிந்திருக்கும். சீட்டுக்கு அடியில் ரெயிலில் துரு இருக்கிறதா பாருங்கள். மூன்றாவது, நம் ஊரிலேயே கை வைக்கத் தெரிந்த ஒரு மெக்கானிக். அவர் லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. விற்கிறவர் என்ஜினை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் காலை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2318 என்றால் 2018-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. பட்டன் நிறைய இருந்தாலும் வயதான டயர் வேக வண்டிக்கு ஆகாது.

ஜார்ஜ் ஆகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். விற்கிறவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் நல்ல வண்டி வைத்திருப்பவர் சந்தைக்கே வர மாட்டார், மோசமானவையே மிஞ்சும் என்பது சாரம். 2001-ல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நமக்கு வேண்டிய பாடம் சின்னது. தெரிந்தவருக்குத் தெரிந்தவர் வழியாக, கிலோமீட்டரும் பில்லும் வைத்திருக்கிற ஒருவரிடம் இரண்டு லட்சம் அதிகம் கொடுத்து வாங்குவது நஷ்டமல்ல.

இத்தனையும் பேசி முடித்தபோது மைத்துனரின் மனைவி ஒன்று கேட்டார். "இவருக்கு நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, இந்த வண்டிய நான் யார்கிட்டங்கண்ணா கொண்டு போய் விக்கறது?"

அதுவரை நாங்கள் பார்த்த எந்த அட்டவணையிலும் இந்தக் கேள்வி இல்லை. அபசகுனம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு இதுதான் மிகச் சரியான கேள்வியாகப் பட்டது. நம் வயதில் வாங்கும் எதற்கும் இது பொருந்தும். வண்டியின் காகிதங்கள் ஒரே ஃபைலில், மெக்கானிக்கின் போன் நம்பரோடு, மனைவிக்குத் தெரிந்த அலமாரியில் இருக்க வேண்டும். ஒரு மாதத்தில் நியாயமான விலைக்குப் போகிற வண்டியாக இருக்க வேண்டும். இன்ஷூரன்ஸிலும் ஆர்.சி.யிலும் நாமினி பெயர் எழுதியிருக்க வேண்டும். இதற்கு ஒத்துவராத வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஒருவரின் ஆசையை இன்னொருவரின் தலையில் சுமையாக ஏற்றுவதுதான்.

ஆகவே என் தீர்ப்பு இது. 2008 பாக்ஸ்டர் வேண்டாம். 2009-க்குப் பிந்தையது நல்ல பீஸாகக் கிடைத்து, விலையில் நாலில் ஒரு பங்கை முதல் வருஷ வேலைக்கென்று தனியே வைக்க முடிந்தால் வாங்கலாம். இருவரும் அதில் ஐந்து முறை உட்கார்ந்து எழுந்து பார்த்துவிட்டு வாங்கலாம். தேடுவதற்கு ஆறு மாதம் கெடு. அதற்குள் கிடைக்காவிட்டால் போலோவை வாங்கிக்கொண்டு மறுநாள் காலையே வால்பாறைக்கு ஏறிவிட வேண்டும். பூரணமான வண்டிக்காகக் காத்திருப்பதும் ஒரு விட்டுக்கொடுத்தல்தான், அதில் நாம் விடுவது நம் வருஷங்களை.

உங்களில் யாராவது ஓய்வுக்குப் பிறகு இப்படி ஒரு வண்டி வாங்கியிருந்தால் எதை விட்டீர்கள், எதைப் பிடித்துக்கொண்டீர்கள் என்று சொல்லுங்கள். மைத்துனருக்கும் அவர் மனைவிக்கும் சேர்த்தே படித்துக் காட்டுகிறேன்.